உயிர் இரையோடு எல்லை தாண்டுவது: எண்ணூர் முகத்துவாரம் முதல் ஒன்டாரியோ ஏரி வரை ஒரு முழு வழிகாட்டி

கொருக்குப்பேட்டையில் சூலூர்பேட்டை வண்டி ஏறினால், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று போய் ஆரம்பாக்கம் வரும். அதற்கடுத்த நிறுத்தம் தடா. நடுவில் தமிழ்நாடு முடிந்து ஆந்திரா தொடங்கிவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் மாறாது, அதே உப்பளக் காற்றுதான். காலடியில் மூடி போட்ட வாளிக்குள் பேட்டரி பம்ப் கொரகொரவென்று ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே ஐம்பது உயிர் இறால். யாரும் வாளியைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.

பல வருடங்களுக்கு முன் அப்படித்தான் நான் போனேன். எண்ணூரில் வாங்கிய இறாலைக் கொண்டு சூலூர்பேட்டை பக்கம் ஒரு கால்வாயில் கொடுவாவுக்குத் தூண்டில் போட்டோம். மாலையில் மீதி பத்துப் பன்னிரண்டு இறால் இருந்தது. பாவம், பிழைத்துப் போகட்டும் என்று வாளியோடு கால்வாயில் கவிழ்த்தேன். பக்கத்து இறால் பண்ணையில் வேலை பார்த்தவர் ஓடி வந்தார். “அண்ணே, அந்தத் தண்ணிய எங்க ஊத்தினீங்க?” என்றார். கோபம் இல்லை, பயம்தான் தெரிந்தது. அந்தக் கால்வாயில் இருந்துதான் அவர்கள் குளத்துக்குத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். ஏற்றிய தண்ணீரைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்துவிட்டுத்தான் குஞ்சு விடுகிறார்கள். வெளியில் இருந்து நண்டு ஏறாமல் இருக்கக் குளத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு நண்டு வேலி, பறவை இறங்காமல் இருக்க மேலே கயிறு கட்டியிருக்கிறார்கள். “ஒரு நண்டுக்கே இவ்வளவு பாடு படுறோம், நீங்க ஒரு வாளி ஊத்திட்டீங்களே” என்றார்.

அந்த வருடம் அங்கே ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் அதற்கப்புறம்தான் இந்த விதிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது பழவேற்காட்டுக்கும் போகிறார்கள், ஆந்திராவுக்கும் போகிறார்கள், வேலைக்கென்று டொராண்டோவுக்கும் பிரிஸ்பேனுக்கும் போய் அங்கேயும் தூண்டில் போடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வாளிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

இறால், மடவைக் குஞ்சு, சேற்றுப் புழு என்று இரையை மட்டும்தான் நாம் எண்ணுகிறோம். எல்லை தாண்டுவது அது மட்டும் இல்லை. இரையின் உடம்பில் இருக்கும் நோய், அது நீந்தும் தண்ணீர், ஈரத்துக்காக மேலே போட்ட பாசியும் சேறும், எல்லாமே சேர்ந்து போகின்றன. விதிகள் எல்லாம் இந்த மூன்றையும் நினைத்து எழுதப்பட்டவை. இது புரிந்துவிட்டால் எந்த நாட்டுச் சட்டமும் குழப்பாது.

நோய்க்கு ஓர் உதாரணம் வெள்ளைப்புள்ளி. இறாலைத் தாக்கும் வைரஸ் அது. மனிதருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு குளத்தில் நுழைந்தால் மூன்று முதல் பத்து நாளைக்குள் குளமே காலியாகலாம். 1990களின் நடுவில் நம் கிழக்குக் கரையில் இறால் பண்ணை வைத்திருந்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். முக்கியமான விஷயம், உறைய வைத்தாலும் இந்த வைரஸ் சாகாது. ஃப்ரீசரில் வைத்த பச்சை இறாலும் இரையாகப் போனால் நோயைக் கொண்டுபோகும். புழுவும் சுத்தம் இல்லை. இறால் வளராமல் நின்றுபோகும் ஈ.எச்.பி. என்ற ஒட்டுண்ணியைச் சேற்றுப் புழு சுமக்கும்.

தண்ணீரால் என்ன ஆகும் என்று கேட்டால், எண்ணூருக்குப் போய்ப் பாருங்கள். கொசஸ்தலை ஆற்றில் கால் வைத்தால் முன்பு சேறு புதையும். இப்போது பல இடங்களில் காக்கா ஆழி குத்துகிறது. விரல் நீளம்கூட வராத கருத்த சிப்பி, ஒன்றோடொன்று நார் போட்டுப் பின்னிக்கொண்டு பாய் விரித்த மாதிரி அடித்தரை முழுக்கக் கிடக்கிறது. இதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கடற்கரைகள். கப்பல்கள் வழியாக, முக்கியமாகக் கப்பல் சாயாமல் நிற்க அடியில் ஏற்றும் நீரில், வந்திருக்கும் என்றே கருதப்படுகிறது. கேரளத்துக் காயல்களிலும் பரவியிருக்கிறது. சேற்றில் புதைய வேண்டிய இறாலுக்கு இடம் இல்லை. பறி என்ற கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பொறுக்கும் இருளர் பெண்களுக்கு அந்த இடங்களில் பிழைப்பே இல்லாமல் போகிறது. கை விரலெல்லாம் கீறல்.

இதன் குஞ்சுப் பருவம் கண்ணுக்குத் தெரியாது. எண்ணூரில் மொண்ட ஒரு வாளித் தண்ணீரில் எத்தனை இருக்கும் என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எண்ணூர்த் தண்ணீரை வேறு எந்த நீர்நிலைக்கும் கொண்டுபோகாதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதாக இருந்தால் இதைக் கடைப்பிடியுங்கள்.

எந்த எல்லையைத் தாண்டுகிறீர்கள்?

கிளம்பும் முன் இதைத் தீர்மானியுங்கள். எல்லை என்றால் நாட்டு எல்லை மட்டும் இல்லை. ஒரு நீர்நிலையில் இருந்து இன்னொன்று, சரணாலயத்தின் கோடு, மாநிலக் கோடு, அப்புறம்தான் நாடு. காவலுக்கு ஆள் இல்லாத முதல் எல்லைதான் பெரும்பாலும் மீறப்படுகிறது.

கொசஸ்தலையில் பிடித்த இறாலை கொசஸ்தலையிலேயே முள்ளில் மாட்டினால் எந்தப் பிரச்சினையும் இல்லை. அதையே புழல், சோழவரம் போன்ற நல்ல தண்ணீர் ஏரிகளுக்குக் கொண்டுபோவது தப்பு. உப்புத் தண்ணீர் இறால் அங்கே பிழைக்காது என்று நினைக்கலாம். வைரஸ் பிழைக்குமா, கூட வந்தது பிழைக்குமா என்பதுதான் கேள்வி. கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் குஞ்சுகளை வாங்கி இரையாகப் போடும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். அங்கே விற்பதில் பெரும்பகுதி அயல்நாட்டு இனம். தொட்டி சுத்தம் செய்ய என்று வாங்கி வளர்ந்ததும் குளத்தில் விட்ட டேங்க் கிளீனர் மீன், இன்று நம் ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டு கிடக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு என்று யாராவது கொடுத்தால் கையில் வாங்கவே வேண்டாம். அதை வளர்க்கவே நாடு முழுக்கத் தடை.

பழவேற்காட்டில்

இங்கே இரண்டு எல்லைகள் தண்ணீருக்கு மேலேயே ஓடுகின்றன. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், நம் பக்கம் சிறு பகுதிதான். நம் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம், அந்தப் பக்கம் 1976 முதல். சரணாலயத்துக்குள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 செல்லும். அனுமதி இல்லாமல் உயிரினத்தை எடுப்பதும் வாழிடத்தைக் கெடுப்பதும் குற்றம்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது புழுவில்தான். வற்றம் நேரத்தில் சேறு தெரியும்போது மண்வெட்டியால் தோண்டிப் புழு எடுப்பது சுலபம். இந்தப் புழுவுக்கு இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் நல்ல கிராக்கி உண்டு, தாய் இறாலுக்குத் தீனியாகப் போடுவார்கள். அதனால் வனத்துறையின் கண் இதன் மேல் இருக்கிறது. “தூண்டிலுக்குத்தான் சார், கையளவுதான்” என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். கூழைக்கடா, பூநாரை பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. ஆனால் குளிர்காலத்தில் வரும் சின்னச் சின்ன கரைப்பறவைகள் அந்தச் சேற்றுப் புழுவை நம்பித்தான் அவ்வளவு தூரம் பறந்து வருகின்றன.

இறாலுக்கு வலை வீசலாமா? பழவேற்காட்டில் தண்ணீருக்கும் உரிமை உண்டு. பாடு முறை என்பார்கள். எந்த ஊர், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பது காலகாலமாகச் சீட்டுக் குலுக்கி முறை வைத்து நடக்கிறது. வெளியூரில் இருந்து போய் இன்னொருவருடைய பாடு இடத்தில் வீச்சு வலை விசிறினால் சண்டை வரும், அது நியாயமான சண்டை. படகுத்துறையில் அதிகாலை வந்து நின்று, படகில் இருந்து இறங்கும் இறாலை உயிரோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். “அக்கா, துடிக்கிறதா ஒரு கால் கிலோ” என்றால் பொறுக்கித் தருவார்கள். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் குறையாது.

வாங்கியதும் ஒரு தடவை கலைத்துப் பாருங்கள். வலையில் கடல் குதிரை, கடல் அட்டை சிக்கி வருவது உண்டு. இவை சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. உயிரோடு இருந்தால் வந்த தண்ணீரிலேயே உடனே விட்டுவிட வேண்டும். பையில் இருந்து எடுக்கப்பட்டால் தெரியாது என்ற பதில் செல்லாது.

மாநிலக் கோடு

தூண்டிலுக்காகக் கொஞ்சம் இறால் கொண்டுபோகும்போது ஆரம்பாக்கத்தில் யாரும் நிறுத்திக் கேட்கப் போவதில்லை. அதனால்தான் பொறுப்பு முழுக்க நம் மேல் விழுகிறது. தடாவில் தொடங்கி நெல்லூர் வரைக்கும் வனாமி என்ற அயல்நாட்டு இறால் வளர்க்கும் குளம்தான் கண்ணுக்கு எட்டிய வரை. அந்த வனாமியின் தாய் இறாலை வெளிநாட்டில் இருந்து இறக்கும்போது, நம் நீலாங்கரையில் இருக்கும் தனிமைப்படுத்தும் நிலையத்தில் வைத்துச் சோதித்த பிறகுதான் பொரிப்பகத்துக்கு விடுகிறார்கள். 2009இல் வனாமி வந்த காலத்தில் இருந்தே இந்த ஏற்பாடு. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் இருப்பதும் சென்னையில்தான். அவ்வளவு காவல் இருக்கும் இடத்தில் ஒரு பக்கெட் பின்வாசல் வழியாகப் போகக்கூடாது.

என் நடைமுறை இதுதான். ஆந்திரப் பக்கம் போனால் வாளி காலியாகப் போகும். சூலூர்பேட்டையில் இறங்கி அங்கேயே இறால் வாங்குவேன், அங்கேயே முடிப்பேன். திரும்பும்போதும் வாளி காலி.

வெளிநாட்டில் இருந்து இந்தியாவுக்குள்

சிங்கப்பூர், மலேசியாவில் இருந்து வரும் சொந்தக்காரரிடம் “நல்ல புழு இருந்தா ரெண்டு டப்பா கொண்டு வா மாமா” என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். சொல்லாதீர்கள். உயிருள்ள நீர்வாழ் உயிரினம் எதுவாக இருந்தாலும் மத்திய மீன்வளத் துறையின் இறக்குமதி அனுமதி முதலில் வாங்க வேண்டும். புதிய அயல் இனம் என்றால் அதற்கென்று தேசியக் குழு ஒன்று இருக்கிறது, அங்கே போகும். அனுப்பும் நாட்டு அரசு அதிகாரி கொடுத்த சுகாதாரச் சான்றிதழ் கூட வர வேண்டும். இறங்கும் இடத்தில் விலங்கு தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்புத் துறை பார்க்கும். அதற்குச் சென்னையில் நிலையம் உண்டு. இவை எல்லாம் வியாபாரத்துக்கு ஏற்ற வழி. கைப்பையில் இரண்டு டப்பாவுக்கு யாரும் இவ்வளவும் செய்யப் போவதில்லை, செய்யாமல் கொண்டுவரவும் முடியாது.

மறைத்துக் கொண்டுவந்தால் சுங்கச் சட்டம் 1962இன்படி பறிமுதலும் அபராதமும். ஒருவேளை தெரியாமல் கொண்டுவந்துவிட்டால், விமான நிலையத்தில் ‘சொல்ல ஒன்றும் இல்லை’ என்பவர்கள் போகும் பச்சை வழியில் நடக்காமல் சிவப்பு வழிக்குப் போய்த் தானே சொல்லிவிட வேண்டும். பொருள் போகும், ஆனால் மறைத்தார் என்ற வழக்கு வராது. இதோடு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வன உயிரினச் சட்டத் திருத்தம், ஆக்கிரமிக்கும் அயல் இனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தனியாகக் கொடுத்திருக்கிறது.

இங்கிருந்து வெளியே

வியாபாரமாக ஏற்றுமதி செய்வது என்றால் கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தில் பதிவு, சுகாதாரச் சான்றிதழ், போய்ச் சேரும் நாட்டின் அனுமதி என்று வேறு கதை. சுற்றுலாவாகவோ வேலைக்கோ போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உயிருள்ளது எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். போன இடத்தில் என்ன விதி என்பதைத்தான் படிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியா மிகக் கடுமை, காரணமும் உண்டு. 2016 கடைசியில் குயின்ஸ்லாந்தின் லோகன் ஆற்றங்கரைப் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி வந்தது. எப்படி வந்தது என்று ஆராய்ந்தபோது, சாப்பாட்டுக்கென்று இறக்குமதியான பச்சை இறாலைத் தூண்டிலில் இரையாகப் போடும் பழக்கமும் சந்தேகத்துக்கு உள்ளானது. 2017 ஜனவரியில் பச்சை இறால் இறக்குமதியையே நிறுத்தி வைத்தார்கள். இன்றும் அங்கே கடையில் சமையலுக்கு வாங்கிய இறாலை முள்ளில் மாட்டாதீர்கள் என்று சொல்கிறார்கள். தென்கிழக்குக் குயின்ஸ்லாந்தில் நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருந்து வேகவைக்காத இறாலையும் சில வகைப் புழுவையும் வெளியே கொண்டுபோகத் தடை போட்டார்கள். விமானத்தில் தரும் பயணி அட்டையில் மறைத்தால் அபராதம் மட்டும் இல்லை, விசாவே ரத்தாகலாம். பயன்படுத்திய தூண்டில், வலை, பூட்ஸ் இருந்தாலும் கழுவிக் காய வைத்து, அட்டையில் ஆமாம் என்று எழுதிக் காட்டிவிடுங்கள்.

கனடாவின் ஒன்டாரியோவில் நம் தமிழர்கள் கோடையில் ஏரிக்கரையில்தான் இருப்பார்கள், அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன். உயிர் மீன், அட்டை, நன்னீர்க் கல்லிறால், பல்லி மாதிரி இருக்கும் சாலமண்டர் எதையும் இரைக்காக மாகாணத்துக்குள் கொண்டுவரக் கூடாது. மண்புழு கொண்டுவரலாம், ஆனால் மண்ணில் இல்லை, கிழித்த காகிதம் போன்ற செயற்கைப் படுக்கையில்தான் இருக்க வேண்டும். மண் தனியாக ஒரு நோய் வண்டி என்பது அவர்கள் கணக்கு. 2022 ஜனவரி 1 முதல் மாகாணத்தையே நான்கு இரை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இரை மீனும் அட்டையும், உயிரோடோ செத்தோ, ஒரு மண்டலத்தில் இருந்து இன்னொன்றுக்குப் பொதுவாகப் போகக் கூடாது. சொந்த மண்டலத்துக்கு வெளியே வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வைத்து, இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்திவிடவோ அழித்துவிடவோ வேண்டும். மிச்ச இரையையும் வாளித் தண்ணீரையும் நீர்நிலையில் இருந்து 30 மீட்டருக்குள் கொட்டுவது குற்றம். என் சித்தி மகன் அங்கே இருக்கிறான். தண்ணீர் ஓரத்தில் இருந்து முப்பது நீள எட்டு எடுத்து வைத்து நடந்து பார்த்து ஒரு மரத்தை அடையாளம் வைத்திருக்கிறான், வாளியை அதற்கு அந்தப் பக்கம்தான் கவிழ்ப்பான். எட்டு சின்னதாக இருந்தால் என்ன செய்வது என்று ஐந்து எட்டு கூடுதலாகவும் போகிறான்.

ஐரோப்பாவில் நோயோடு மீனின் வலியும் கணக்கில் வருகிறது. நார்வேயிலும் ஜெர்மனியிலும் உயிர் மீனை முள்ளில் மாட்டுவதே கூடாது. இங்கிலாந்தில் எந்தத் தண்ணீரில் பிடித்தீர்களோ அதே தண்ணீரில்தான் உயிர் இரையாகப் போடலாம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மினசோட்டாவுக்குள் வெளியில் இருந்து உயிர்க் குஞ்சு மீன் கொண்டுபோகத் தடை. பெரிய ஏரிகளில் மீன்களைக் கொன்ற ரத்தக்கசிவு வைரஸ் நோய் 2005, 2006 வாக்கில் தெரியவந்த பிறகு இந்தக் கட்டுப்பாடுகள் இறுகின. போகும் மாநிலத்தின் அந்த ஆண்டு மீன்பிடி விதிப் புத்தகத்தை அவர்கள் தளத்தில் இருந்து இறக்கி, இரை என்ற பகுதியை முதலில் படியுங்கள்.

விதிக்கு உட்பட்ட தூரத்தில் இரையைச் சாகாமல் கொண்டுபோக

ஒரே நீர்நிலைக்குள், காசிமேட்டில் இருந்து எண்ணூர் அளவு தூரத்துக்கு, செய்ய வேண்டியது இதுதான். செத்த இறாலுக்குக் கெளுத்திதான் வரும், கொடுவாவுக்கு இரை துடிக்க வேண்டும்.

கூட்டம் சேர்க்காதீர்கள். பத்து லிட்டர் வாளியில் முப்பது இறால் சுகமாக இருக்கும், நூறு போட்டால் ஒரு மணி நேரத்தில் பாதி வெளுத்துவிடும். வெளுத்ததை உடனே எடுத்துவிட வேண்டும், ஒன்று அழுகினால் தண்ணீரே கெடும். பம்ப்புக்கு மாற்று பேட்டரி வையுங்கள். வெயில் ஏறினால் ஐஸ் போடுவோம். அங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். ஐஸ் நல்ல தண்ணீர், உருகினால் உப்பு குறைந்து இறால் சுருண்டுவிடும். அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, மூடியோடு வாளியில் மிதக்க விடுங்கள்.

நேரம் நீண்டால் கொளத்தூர்க் கடைகளில் மீனுக்குச் செய்யும் ஆக்சிஜன் பேக்கிங் நல்லது. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், இரட்டைப் பை, இறுக்கி முறுக்கிய ரப்பர் பேண்ட், வெளியே தெர்மகோல் பெட்டி. இறாலின் கொம்பு பையைக் குத்தும் என்பதால் நுனியைக் கத்தரியால் லேசாக நறுக்கிவிடுவார்கள். மடவைக் குஞ்சு என்றால் முதல் நாள் தீனி போடாமல் வைத்தால் பையில் கழிவு குறையும்.

மிச்சத்தை என்ன செய்வது

வாங்கிய இடத்துத் தண்ணீரிலேயே மீன் பிடித்தாலும், ஒரு தடவை வாளிக்குள் வந்ததைத் திரும்ப விடாதீர்கள். நெருக்கடியில் நோய் கிளம்பும். இறால் மிஞ்சினால் வீட்டுக்குக் கொண்டுவந்து தொக்கு செய்யலாம், நன்றாக வெந்தால் வைரஸ் செத்துவிடும். கழுவிய தண்ணீரை வாசல் மழைநீர்க் கால்வாயில் ஊற்றாமல் செடிக்கு ஊற்றுங்கள். புழு மிஞ்சினால் கரையில் இருந்து தள்ளிக் காய்ந்த மண்ணில் குழி தோண்டிப் புதையுங்கள். வாளித் தண்ணீரும் அதே மாதிரி, நீர் ஓடி ஆற்றில் சேராத மேட்டு மண்ணில்.

அப்புறம் வாளி, கை வலை, பம்ப் குழாய், செருப்பு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் முழுக்கக் காய விடுங்கள். குழாயின் நுனியில் இருக்கும் குமிழிக் கல்லை மறந்துவிடுவோம், அதன் துளைக்குள் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். நான் எண்ணூருக்கு ஒரு வாளி, பழவேற்காட்டுக்கு ஒரு வாளி என்று தனித்தனியாக வைத்திருக்கிறேன். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. குமிழிக் கல்லும் இரண்டு. மொட்டை மாடியில் இரண்டும் இரண்டு மூலையில் கவிழ்ந்து கிடக்கும்.